விஸ்வநாததாஸருக்குத் திரையில் இடமுண்டா?

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் நண்பர் ஒருவரது இல்லத்தில் தங்கியிருந்த சமயம், 2024-ல் வெளிவந்த 'ஸாட்டர்டே நைட்' என்னும் அமெரிக்கப் படத்தைக் காண நேர்ந்தது. 1975-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி இரவு, நியூயார்க் நகரில் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சி டெலிவிஷனில் நேரடியாக முதன்முதல் ஒளிபரப்பாவதற்கு முன் கழிந்த ஒன்றரை மணி நேரமே கதை. அதே வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதிதான் சென்னையிலும் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் கோடைக்கானல் மலைமீது ஒளிபரப்புக் கோபுரம் எழும்வரை இவ்வூராருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

நிற்க. அந்த அமெரிக்கக் கோஷ்டியின் முதல் நடிகர்களுள் காரெட் மாரிஸ் ஒருவரே கறுப்பர். ஜூலியர்ட் கலாசாலையில் சங்கீதம் பயின்றவர். 'நம்மை எதற்காக இங்கே அழைத்தார்கள்?' என்ற வினா அவரைப் படம் நெடுகிலும் வாட்டுகிறது. டைரக்டர் ஜேஸன் ரைட்மன் அதை மூடி மறைக்கவில்லை. நடிகைகள் மூவருக்கும் அவர் அளித்திருக்கும் இடம் சொற்பமே; அது குறைதான். எனினும் வினாவையாவது எழுப்பினாரே!

நமது மேடையின் கதையைச் சொல்லும்போது நாம் அவ்வளவுகூடச் செய்தோமா?

2014-ல் வஸந்தபாலன் எடுத்த 'காவியத் தலைவன்' பழைய நாடகக் கம்பெனிகளின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த நல்முயற்சி. குருகுல வாழ்க்கை, தொழிற் பொறாமை, தேசபக்தி யாவும் அதில் உண்டு. ஆனால் ஜாதியின் பேரால் ஒரு நடிகனுடன் பிறர் மேடையேற மறுத்த செய்தி மட்டும் இல்லை. அச்செய்தி கற்பனையன்று. சிவகாசியில் 1886-ல் மருத்துவர் குலத்தில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸரின் சரித்திரம் அது. நாவிதர் என்று ஜனங்கள் ஏளனமாகக் கூறிய குலம். புராண நாடகத்தின் நடுவே வெள்ளையரைக் கொக்காக உருவகித்த பாட்டை அவர் பாடுவார், சபையோர் ஆரவாரிப்பர், மேடையடியில் போலீஸார் காத்திருப்பர். இவ்வாறு பன்முறை சிறை சென்றார். அதே மனிதருடன் ஜோடியாக நடிக்க நடிகையர் சிலர் ஜாதி காரணமாக மறுத்தனர். ஸர்க்காருக்கு அஞ்சி விலகியோரை மன்னிக்கலாம்; இவர்களை என்னென்பது?

1940 டிஸம்பர் 31-ந் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்தவண்ணமே தாஸரின் உயிர் பிரிந்தது. பழனியாண்டவன் ஸந்நிதிக்கு இவ்வளவு சமீபத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகையில் நமது கை தயங்குகிறது. ஆண்டவனின் வேஷத்தைத் தொழுத ஜனங்களே அவ்வேஷம் தரித்தவனின் குலத்தையும் விசாரித்தனர்.

'ஜாதிப் பேச்சைத் திரையில் எடுத்தால் ஒற்றுமை குலையும்' என்று சில தேசாபிமானிகள் கூறுவர். தாஸருடன் மேடையேற மறுத்த நாளிலேயே ஒற்றுமை குலைந்துவிட்டது. அதைக் காட்டுவோர்மீது பழி சுமத்துவது நியாயமாகாது.

ஹாஸ்யத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. நமது ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகையே கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். பபூன் இரவு பத்து மணிக்கு மேல் வந்து, எதிரிலிருப்போரின் முகம் பார்த்து அவ்வப்போதே பேச்சைச் சமைக்கிறான். நியூயார்க்கில் பெரும் பரபரப்புடன் நடந்த நேரடி ஹாஸ்யம் இதைவிட எவ்விதத்தில் அருமை? அவனுடன் ஆடும் பெண்ணை விடியும்வரை கைதட்டி ரசித்துவிட்டு, மறுநாள் அவளை இழிவாகப் பேசும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. அவளும் பபூனும் கதாநாயகராக ஒரு படம் வரட்டும். தாஸரைப் பற்றியும் வரட்டும். அவர் வேஷத்தை யார் தரித்தாலும் சரி, அவருடைய குலத்தின் பெயரை மட்டும் கதையிலிருந்து நீக்கிவிட வேண்டாமென்று படமுதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.