திரையில் தோன்றும் சீன எழுத்துக்கள்

தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துக்களுள் அடங்குவது. சீன மொழியிலோ, சொல்லையும் சொற்கூறையும் குறிக்கும் வடிவங்களே எழுத்துக்களாய் நிற்றலின், அவற்றின் தொகை மிகப் பெரிது. 1716ஆம் ஆண்டில் நிறைவெய்திய காங்சி அகராதி 47,000க்கு மேற்பட்ட எழுத்துக்களைத் தன்னகத்தே கொண்டது. இத்துணைப் பெருந்தொகை கணினித் திரையில் தோன்றுவது எங்ஙனம்? தோன்றாதொழிவது எதனால்? டீவீடி வட்டுக்களின் முகப்பில் வரும் தெரிவுப் பட்டியலைச் சீனத்தில் ஆக்கும் முறையை நோக்கின் இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

கணினி அறிந்தது எண் ஒன்றே. எனவே ஓர் எழுத்துத் திரையில் தோன்றுதற்கு மூன்று வேண்டப்படும். எழுத்தைக் குறிக்கும் எண் ஒன்று. அவ்வெண் எவ்வெழுத்துக்குரியது எனக் கூறும் அட்டவணை மற்றொன்று. எழுத்தின் வடிவைத் தரும் எழுத்துரு பிறிதொன்று. இம்மூன்றும் ஒத்து நின்றாலன்றி எழுத்துத் தோன்றாது.

ஒரு பைட்டில் 256 எண்களே அடங்கும். ஆங்கிலத்துக்கு அது போதும், சீனத்துக்குப் போதாது. ஆகவே எழுத்தொன்றுக்கு இரண்டு பைட்டுகள் ஒதுக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டில் சீன நாட்டார் வகுத்த ஜீபீ 2312 என்னும் அட்டவணை 6,763 சீன எழுத்துக்களைக் கொண்டது. தைவானில் 1984ஆம் ஆண்டில் எழுந்த பிக் 5 என்பதோ பழைய முழு வடிவ எழுத்துக்கள் 13,000க்கு மேற்பட்டவற்றைக் கொண்டது. ஒரே எண் இவ்விரு அட்டவணைகளிலும் வெவ்வேறு எழுத்தைக் குறித்தமையால், ஒருவர் தந்த தலைப்பு மற்றவர் திரையில் பொருளற்ற எழுத்துக் குவியலாயிற்று.

அட்டவணையில் இடம்பெறாத எழுத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1998 முதல் 2003 வரை சீனப் பிரதமராயிருந்த சூ ரொங்ஜியின் பெயரிலுள்ள 'ரொங்' என்னும் எழுத்து ஜீபீ 2312இல் இல்லை. நாட்டின் பிரதமர் பெயரையே நாட்டின் அட்டவணை எழுதவல்லதன்று எனின், பொதுமக்கள் பெயர்களின் நிலை கூறவும் வேண்டுமோ? இக்குறையை நீக்கப் பின்னர் விரிந்த அட்டவணைகள் எழுந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யுனிகோட் முறையிலே 1992ஆம் ஆண்டில் 20,902 எழுத்துக்கள் இடம்பெற்றன. இன்று அத்தொகை 90,000ஐக் கடந்துள்ளது.

எனினும் டீவீடி ஆக்கும் பழைய மென்பொருள்கள் பலவும் யுனிகோடை அறியாதன. அவற்றிலே சீனத் தலைப்பை இடுவோர் மூவகைப் பிழைகளைக் காண்பர். வெறுங் கட்டங்கள் தோன்றின், எழுத்துருவில் அவ்வடிவம் இல்லை என்க. சீன எழுத்துரு ஒன்றைத் தெரிந்தால் குறை நீங்கும். தொடர்பற்ற எழுத்துக்கள் தோன்றின், எண்கள் பிற அட்டவணை கொண்டு படிக்கப்பட்டன என்க. உரிய அட்டவணையை அமைத்தால் அதுவும் நீங்கும். வினாக்குறிகள் வரிசையாய்த் தோன்றினோ, பெரும்பாலும் எண்ணே அழிந்தது என்க. தலைப்பை மீள எழுதுதலன்றி வேறு வழியில்லை.

ஆயினும் டீவீடியின் இயல்பே நல்வழி ஒன்றைக் காட்டுகின்றது. அதன் தெரிவுப் பட்டியல் எழுத்தன்று, படமாகும். பொத்தானைத் தெரியும்போது ஒளிரும் வடிவமும் நான்கு நிறங்களுக்கு மேற்படாத படமே. ஆகையால் வட்டை இயக்கும் கருவிக்குச் சீன எழுத்துரு வேண்டியதில்லை. சீனம் அறிந்த வேறொரு மென்பொருளிலே தலைப்பை எழுதிப் படமாக்கிப் பின்னணியாக இட்டால், அஃது எந்நாட்டுக் கருவியிலும் பிழையின்றித் தோன்றும்.

இங்கும் கருதவேண்டியது ஒன்றுண்டு. இப்படத்தின் அளவு 720க்கு 576, அல்லது 720க்கு 480 புள்ளிகளே. கோடுகள் மலிந்த எழுத்தைச் சிறிதாக இட்டால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நூல்களில் வழங்கும் சொங் எழுத்துருவின் கிடைக்கோடுகள் மெல்லியன. ஒன்றுவிட்டொரு வரியாக வரையும் பழைய தொலைக்காட்சியில் அவை நடுங்கித் தோன்றும். தடிப்பு ஒத்த கோடுகளையுடைய ஹெய் எழுத்துருவே திரைக்கு ஏற்றது.

படமாகிய எழுத்தைத் தேடவும் இயலாது, திருத்தவும் இயலாது. ஆகவே தலைப்புக்களின் மூலத்தை யுனிகோடில் தனியே பேணுதல் கடன். படம் காண்போர்க்கு உதவும். மூலமோ நாளை அதனைத் திருத்துவோர்க்கு உதவும்.