புகா வெந்நீரில் மின்சாரம்: செய்தியில் வரும் 'மறுசெலுத்தல்' என்றால் என்ன?

லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் தரையிலிருந்து வெந்நீர் கொப்பளிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம் என்பதால், அங்கே தண்ணீர் 85 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். இந்தச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி., லடாக் நிர்வாகம், லே மலைப்பகுதி கவுன்சில் ஆகியவை 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தன. முதல் கட்ட இலக்கு 1 மெகாவாட்தான்.

இது பற்றிய செய்திகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 'புவிவெப்பச் சரிவு'. பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு இது. பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. இரு கண்டத்தட்டுகள் மோதும் பகுதிக்கு அருகில் இருக்கும் புகாவில் இது பல மடங்கு அதிகம். அதனால்தான் அங்கே மேலோட்டமாகத் துளையிட்டாலே வெந்நீர் கிடைக்கிறது.

அடுத்தது 'தேக்கம்'. இந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். நிலத்தடியில் பெரிய தொட்டி எதுவும் கிடையாது. சூடான பாறையின் விரிசல்களில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெந்நீரில் போதுமான சூடு இல்லையென்றால், நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது கட்டுப்படியாகாது. அங்கே உதவுவது 'இரட்டைச் சுழற்சி' முறை. வெந்நீர் தன் சூட்டை, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் இன்னொரு திரவத்துக்குக் கொடுக்கும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும். அலாஸ்காவின் சீனா வெந்நீர் ஊற்றில் 2006 முதல் வெறும் 74 டிகிரி நீரில் இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். அங்குள்ள கடுங்குளிரும் இதற்குச் சாதகம்: ஆவியைக் குளிர்வித்து மீண்டும் திரவமாக்குவது சுலபம்.

சரி, சூடு எடுத்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இன்னொரு கிணறு வழியாகப் பாறைக்குள்ளேயே திருப்பி இறக்குவதுதான் 'மறுசெலுத்தல்'. இதைச் செய்யாவிட்டால் நிலத்தடி அழுத்தம் குறையும். கலிபோர்னியாவின் கைசர்ஸ் நிலையத்தில் நீராவியை அளவுக்கு மீறி எடுத்ததால் 1980-களின் இறுதியில் உற்பத்தி சரிந்தது. பிறகு, சாண்டா ரோசா உள்ளிட்ட ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே இறக்க வேண்டியதாயிற்று.

புகாவில் இன்னொரு கவலையும் இருக்கிறது. அந்த வெந்நீரில் போரான் அதிகம். வெண்காரம் படியும் இடம் அது. 2022-ல் துளையிடும்போது நிலத்தடித் திரவம் வெளியேறி புகா ஓடையில் கலந்தது. ஓடை போய்ச் சேருவது சிந்து நதியில். வழியில் உள்ள மேய்ச்சல் நிலங்களை நம்பித்தான் சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் இருக்கின்றன.