மங்கும் பனி விளக்கு: முதலில் 'எர்த்'தைப் பாருங்கள்

சம்பா அறுவடைக் காலத்தில் ஆவுடையார்கோயில், மணமேல்குடி வட்டாரங்களில் விடியுமுன்பே நெல் மூட்டைகளுடன் டிராக்டர்கள் சாலைக்கு வந்துவிடும். மூடுபனியில் தாழப் பொருத்திய பனி விளக்குகளே வழிகாட்டி. ஒன்று மங்கினால் பலரும் புதுப் பல்பு வாங்க ஓடுகிறார்கள். பல்பு நன்றாக இருந்தும் விளக்கு மங்குவதுண்டு.

விளக்குக்குக் கம்பியில் வரும் மின்சாரம், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இதுவே 'எர்த்'. சேற்று வயலில் இறங்கி ஏறும் வண்டியில் அந்த போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு! அங்கே அரை ஓம் தடை இருந்தாலே, 55 வாட் பல்புக்குரிய 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 வோல்ட் வீணாகிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. விளக்கைப் போட்டுவிட்டு, பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து தனிக் கம்பி ஒன்றை இழுத்து, விளக்கின் எர்த் கம்பி முனையில் தொட வேண்டும். வெளிச்சம் கூடினால் குற்றம் எர்த்தில்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்தால் பியூஸ், சுவிட்ச், ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றுகிறார்களே, அது கூடவே கூடாது. எங்கோ கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் உரசுகிறது என்று பொருள். பியூஸ் போகாவிட்டால் கம்பியே பழுத்துத் தீப்பிடிக்கும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் சொல்லவே வேண்டாம். கொட்டகையில் பல நாள் நின்ற வண்டியானால், எலி கடித்த இடம் உண்டா என்றும் கம்பி நெடுகிலும் தடவிப் பாருங்கள்.