தன்னைக் காத்தல் – 7: இருக்கும் இடத்தை விடாதிருத்தல்

ஆள் கடத்தல் என்றவுடன், இருட்டிலிருந்து பாய்ந்து வந்து வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் முரடர்களே நம்மில் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுகிறார்கள்; ஆனால் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வகுத்தவர்களோ, ஒருவரைப் பலாத்காரமாக ஓரிடத்திலிருந்து போகச் செய்வதையும், வஞ்சகமாகப் பேசி இணங்கச் செய்து போக வைப்பதையும் ஒரே பிரிவில், ஒரே செயலாகவே எழுதி வைத்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த இலக்கணத்தை மாற்றவில்லை. இரண்டிலும் வஞ்சகமே அதிக அபாயமானது என்பது என் திடமான அபிப்பிராயம். முரட்டுக் கை பட்டால் உடம்பு தானாகவே திமிறும். இனிய சொல்லுக்கு அது திமிறுவதில்லை.

2010 அக்டோபர் 29 அன்று கோயம்புத்தூரில், பள்ளிக்கூட வண்டிக்காகக் காத்து நின்ற 10 வயதுச் சிறுமியும் அவளுடைய 7 வயதுத் தம்பியும், முன்பு தங்களை ஏற்றிச் சென்று பழகிய ஓட்டுநரே வந்து அழைத்தமையால் ஏறிக்கொண்டார்கள். அன்றே அவ்விருவரும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். “முன்பின் தெரியாதவரோடு போகாதே” என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் புத்திமதி, அந்தக் குழந்தைகளைக் காக்கப் போதுமானதாயில்லை. ஆகவே, வீட்டார் முன்கூட்டிச் சொல்லாத வண்டியில், ஓட்டி வருபவர் மாமாவே ஆனாலும் ஏறலாகாது என்பதையும், “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னை அழைத்து வரச் சொன்னார்கள்” என்று எவர் வந்து சொன்னாலும், வீட்டாருக்குள் பேசி வைத்துக்கொண்ட ரகசியச் சொல்லை அவர் சொன்னாலன்றி நகரலாகாது என்பதையும் குழந்தைகளுக்குப் பழக்கி வைக்க வேண்டும்.

வஞ்சகம் பலிக்காதபோதுதான் பெரும்பாலும் பலாத்காரம் வருகிறது. பணத்தையோ நகையையோ கேட்பவனிடம் அதைக் கொடுத்துவிடுவதே விவேகம். ஆளையே கேட்பவனோடு மட்டும் இயன்றவரை போகலாகாது. நாலு பேர் நடமாடும் தெருவில் நமக்கு இருக்கும் பலம், அவன் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் இடத்தில் நமக்கு இராது. மணிக்கட்டைப் பற்றினால் அவனுடைய நான்கு விரல்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கட்டைவிரலும் மற்ற விரல்களும் கூடும் இடைவெளியே அந்தப் பிடியின் பலவீனமான இடம். நம் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்பின் கனத்தோடு வெடுக்கென்று இழுக்க வேண்டும். அதே கணத்தில் கூச்சலும் எழ வேண்டும். வெறும் அலறலைக் கேட்பவர்கள் குடும்பச் சண்டை என்று விலகிப் போய்விடக்கூடும்; “இந்த ஆளை எனக்குத் தெரியாது, என்னை இழுத்துக்கொண்டு போகிறான்” என்ற சொற்கள்தாம் அவர்களை நிறுத்தும்.

திருப்பி அடித்தால் நம்மீதே வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. கடத்தும் நோக்கத்தோடு தாக்குபவனிடமிருந்து உடலைக் காத்துக்கொள்ளும் உரிமை, தவிர்க்க இயலாதபோது அவன் உயிர் போகும் அளவுக்கும் செல்லும் என்று பழைய சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்லிற்று; இன்றைய 38-ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது. கணவன் வலிந்து இழுத்துக்கொண்டு போகையில் கதவைப் பற்றிக்கொண்டு போக மறுத்த ஒரு பெண்ணைக் காக்க, அவளுடைய சகோதரன் கத்தியால் ஒரே முறை குத்தினான், கணவன் இறந்துபோனான். உயர் நீதிமன்றம் தண்டித்த அந்தச் சகோதரனை, 1959-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் பலத்தினால் விடுதலை செய்தது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்ற வரம்பும் சட்டத்திலேயே உண்டு. ஆகவே பிடி விட்டதும் ஓடுவதே முறை, நின்று பழிவாங்குவது அன்று.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருமுன், வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் ஒரு வேளையில் அந்த ரகசியச் சொல்லைத் தீர்மானித்துவிடுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்களையும், தாய் தந்தையரின் எண்களையும், சின்னக் குழந்தை உட்பட ஒவ்வொருவரும் பாராமல் சொல்லும்வரை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)