பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மறைமுகப் பழுதுச் செலவுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும்போது கொடுக்கும் விலைக்கு அப்பால், அதைத் தொடர்ந்து ஓடும் நிலையில் வைத்திருக்க ஆகும் உதிரிபாகச் செலவும் பட்டறைக் கூலியும் மறைமுகப் பழுதுச் செலவுகள் எனப்படுகின்றன. எந்தப் பழைய காருக்கும் இச்செலவுகள் உண்டு. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சிக்கல் கூடுதலாக உள்ளது. காரின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. அதன் உதிரிபாக விலையும் கூலியும் இறங்குவதில்லை. புதிதாக 40,000 டாலருக்கு விற்ற கார், பழையதாகி 8,000 டாலருக்குக் கிடைக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் செலவு மட்டும் 40,000 டாலர் காருக்கு உரியதாகவே நிற்கும். கையிருப்பு முழுவதையும் வாங்கும் விலைக்கே செலவிட்டுவிடும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றனர்.

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தயாரித்த முதல் தலைமுறை பாக்ஸ்டர். இதன் உள்நிறுவனக் குறியீடு 986.

பாக்ஸ்டர் 986

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் கண்காட்சியில் இக்காரின் மாதிரி வடிவம் காட்டப்பட்டது. விற்பனைக்கான கார் 1996இல் வெளிவந்தது. அக்காலத்தில் பண நெருக்கடியில் இருந்த போர்ஷே, செலவைக் குறைப்பதற்காக பாக்ஸ்டரையும் அடுத்து வந்த 911 காரையும் (குறியீடு 996) பல பொதுவான பாகங்களைக் கொண்டு உருவாக்கியது. கூரையைத் திறந்து மூடக்கூடிய இந்த இரு இருக்கைக் கார் நன்றாக விற்று, நிறுவனம் மீண்டெழ உதவியது. பாகங்களைப் பகிர்ந்துகொண்டதால் எஞ்சினின் குறையும் இரண்டு கார்களுக்கும் பொதுவாகிப் போனது.

எம்96 எனப்படும் அந்த எஞ்சின் நீரால் குளிர்விக்கப்படுவது. ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுக்கைவாட்டில் அமைந்தவை. இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின் பொருத்தப்பட்டுள்ளது. வளைவுகளில் கார் அழகாகத் திரும்புவதற்கு இந்த அமைப்பே காரணம். பட்டறைச் சீட்டின் தொகை ஏறுவதற்கும் இதுவே காரணம். மற்ற கார்களைப் போல மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்க்க முடியாது. முன்னால் திறந்தாலும் பின்னால் திறந்தாலும் சாமான் வைக்கும் இடம்தான் இருக்கும். எஞ்சினை அடைய, கூரையைப் பாதி திறந்து இருக்கைகளுக்குப் பின்னுள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். இல்லையெனில் காரை உயர்த்திக் கீழிருந்து வேலை செய்ய வேண்டும்.

இடைத்தண்டு பேரிங்

எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல, நடுவில் ஓர் இடைத்தண்டு உள்ளது. அதன் ஒரு முனையைத் தாங்குவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குண்டு பேரிங். கிரீஸ் நிரப்பி இருபுறமும் மூடப்பட்ட வகை அது. நாளடைவில் மூடியின் ரப்பர் இறுகிவிடும். எஞ்சின் ஆயில் மெல்லக் கசிந்து உள்ளே சென்று கிரீஸைக் கரைத்துவிடும். அதே மூடி, பேரிங்குக்குப் புதிய ஆயில் தாராளமாகக் கிடைப்பதையும் தடுக்கும். உயவு இல்லாமல் சுழலும் குண்டுகள் தேய்ந்து உடையும்போது இடைத்தண்டு ஆட்டம் காணும், சங்கிலி பல் தாண்டும், திறந்த நிலையில் உள்ள வால்வுகளைப் பிஸ்டன்கள் வந்து இடிக்கும். உலோகத் துகள்கள் ஆயிலோடு கலந்து எஞ்சின் முழுவதும் பரவும். சில நொடிகளில் எஞ்சின் முடிந்துவிடும்.

தொடக்ககால எஞ்சின்களில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் பழிவாங்கியது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களை முன்வைத்து அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடர்ந்த வழக்கு, பின்னர் சமரசத்தில் முடிந்தது. காரின் வயது, ஓடிய தூரம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்தே அதில் நிவாரணம் தரப்பட்டது. அந்த வரம்புகளை இக்கார்கள் எப்போதோ தாண்டிவிட்டன. எனவே இன்று வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. சாதாரண வாகனக் காப்பீடும் விபத்துக்குத்தான் பணம் தரும், தேய்மானத்துக்குத் தராது.

இந்த பேரிங் எல்லாக் கார்களிலும் உடைவதில்லை. பெரும்பாலான பாக்ஸ்டர்கள் இந்தத் தொல்லை இல்லாமலே ஓடியிருக்கின்றன. ஆனால் உடைந்தால் எஞ்சின் மாற்றும் செலவு அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டுவது வழக்கம். காரின் சந்தை விலையே அதைவிடக் குறைவு என்னும்போது, சிறிய வாய்ப்பைக்கூட அலட்சியம் செய்ய முடியாது.

முன்கூட்டியே பேரிங்கை மாற்றிவிடலாம். பேரிங்கும் அதற்கான பொருள்களும் சில நூறு டாலர்தான். ஆனால் அதை எட்ட வேண்டுமானால் கியர் பெட்டியை இறக்கி, கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்ற வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழு வேலைநாள். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு, பாதி தேய்ந்த கிளட்சை அப்படியே திரும்பப் பூட்டுவது புத்திசாலித்தனம் அல்ல என்று மெக்கானிக் சொல்வார், அது உண்மையும்கூட. பக்கத்திலேயே கிராங்க் தண்டின் ஆயில் சீல் இருக்கிறது. இவ்வகை எஞ்சினில் அதுவும் கசிவுக்குப் பேர்போனது. ஃபிளைவீல் ஆட்டம் கண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சில நூறு டாலர் என்று தொடங்கிய வேலை இப்படித்தான் சில ஆயிரங்களில் முடிகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு கிளட்ச் போனால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், சேர்த்துச் செய்வதே சிக்கனம்.

இதனால்தான் விற்பவர் தரும் பட்டறை ரசீதுகள் காரின் பளபளப்பைவிட முக்கியமாகின்றன. கிளட்ச் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, அப்போது பேரிங்கும் மாற்றப்பட்டதா என்பது ரசீதில் தெரியும். பெரிய செலவு நெருங்கும் வேளையில்தான் பலர் காரை விற்க முன்வருகின்றனர் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓடாமல் நிற்பதால் வரும் பழுதுகள்

குறைந்த தூரம் ஓடிய கார் நல்ல கார் என்ற நம்பிக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. பாக்ஸ்டரின் குளிர்நீர்த் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது; வெடிப்பு விட்டுப் பின்புறச் சாமான் அறைக்குள் கசியும். முன்பக்கக் காற்றுத் துளைகளுக்குப் பின்னுள்ள ரேடியேட்டர்களில் இலைச்சருகு சேர்ந்து ஈரம் தங்கி அரிக்கும். நீர் பம்பின் பிளாஸ்டிக் இறக்கைகள் உடைந்தால், துண்டுகள் எஞ்சினின் நீர்ப்பாதைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

இவற்றில் மிகவும் எரிச்சலூட்டுவது மழைநீர். துணிக்கூரையிலிருந்து வடியும் நீர் வெளியேறச் சிறு துளைகள் உள்ளன. அவற்றில் குப்பை அடைத்தால் நீர் காருக்குள் இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்கும். காரைக் கிளப்ப அனுமதி தரும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான் வைக்கப்பட்டுள்ளது. அது நனைந்தால் சாவியைத் திருப்பினாலும் கார் கிளம்பாது. ஐந்து நிமிடத்தில் துளைகளைச் சுத்தம் செய்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது.

டயர்களுக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2312 என்றால் 2012இன் 23ஆவது வாரம். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயர் பத்து ஆண்டு பழையதாக இருக்கக்கூடும். பாக்ஸ்டரின் முன், பின் டயர்கள் வெவ்வேறு அளவு என்பதால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை.

செலவைக் கட்டுப்படுத்துதல்

வாங்கும் முன் இவ்வகைக் காரை அறிந்த, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காட்டுவதே முதல் வேலை. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, உள்ளே மின்னும் உலோகத் துகள் உள்ளதா என்று சோதிப்பது வழக்கம். துகள் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகிவிடாது. துகள் இருந்தால் அந்தக் காரை விட்டு விலகுவதே மேல். வாங்கிய பின், நிறுவனம் சொன்ன கால அளவைவிட அடிக்கடி ஆயில் மாற்றுமாறு மெக்கானிக்குகள் அறிவுறுத்துகின்றனர். இந்த எஞ்சினுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் தேவைப்படுவதால் அதுவும் சிறு செலவு அல்ல.

எல்லா போர்ஷே கார்களும் இந்தக் குறைக்கு உட்பட்டவை அல்ல. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 ஆகியவற்றில், பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அறியப்படும் வேறு எஞ்சின் இருந்தது. அதன் இடைத்தண்டு, ஆயில் அழுத்தத்தால் உயவு பெறும் சாதாரணத் தாங்கியில் சுழன்றது. 2009 மாடல் ஆண்டில் வந்த புதிய எஞ்சின்களில் இடைத்தண்டே இல்லை. அந்த நிம்மதிக்கும் சேர்த்தே பழைய கார்ச் சந்தையில் விலை சொல்லப்படுகிறது.

எஞ்சின் போன பாக்ஸ்டர்கள் பல, பழுதுபார்க்கப்படாமல் பிரித்து விற்கப்படுகின்றன. அவற்றின் கதவும் விளக்கும் இருக்கையும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பாக்ஸ்டர்களின் உரிமையாளர்களுக்குப் பாதி விலையில் போய்ச் சேர்கின்றன.