ஐஸ் தண்ணீரில் கையை விட்ட மாணவர்கள்! 20 வருடம் கழித்து வெளிவந்த ரகசியம்

ரத்தக்கொதிப்பா? "அது வயசானவங்க சமாசாரம் சார்" என்று தள்ளிவிடுகிறோம். நாற்பது வயதில் வந்தால் "திடீர்னு வந்துடுச்சு" என்கிறோம்.

உண்மையில் அது திடீரென்றுதான் வருகிறதா? அல்லது இருபது வயதிலேயே உடம்புக்குள் பதுங்கி இருக்கிறதா?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு பெண் டாக்டர் இதைத் துப்பு துலக்கப் புறப்பட்டார். பெயர் கரோலின் பெடல் தாமஸ். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்.

அவர் நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. தன் கல்லூரி மாணவர்களையே பிடித்தார்! 1948 முதல் 1964 வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 1,300க்கும் அதிகமானவர்கள் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள்.

ஒரு நிமிட வேதனை

அவர்களுக்குச் செய்த சோதனைகளில் ஒன்று, ஐஸ் தண்ணீர் சோதனை. 1932-ல் மேயோ கிளினிக் டாக்டர்கள் ஹைன்ஸ், பிரவுன் இருவரும் கொண்டு வந்தது.

முதலில் ஆளை நன்றாக ஓய்வெடுக்க வைப்பார்கள். பிறகு ஒரு கையை மணிக்கட்டு வரை ஐஸ் தண்ணீரில் விடச் சொல்வார்கள். ஒரே ஒரு நிமிடம்! மறு கையில் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள்.

குளிர் சுரீர் என்று ஏறியதும் நரம்புகள் உத்தரவு போடும். ரத்தக்குழாய்கள் சுருங்கும். அழுத்தம் ஏறும். எல்லோருக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் எகிறினால் "இவர் மீது ஒரு கண் வைக்க வேண்டும்" என்பது ஹைன்ஸ், பிரவுன் கணக்கு.

விடாத கடிதங்கள்

மாணவர்கள் படித்து முடித்து டாக்டர்களாகி, ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் விடவில்லை. உடல்நிலையைக் கேட்டு வருடா வருடம் கடிதம் போனது.

1989-ல் முடிவு வெளியானது. 910 வெள்ளைக்கார ஆண்களை 20 முதல் 36 வருடம் வரை கவனித்த கணக்கு அது. வாலிபத்தில் ஐஸ் தண்ணீருக்கு மேல் அழுத்தம் அதிகம் எகிறியவர்களுக்கு, பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பு கூடுதலாக வந்திருந்தது!

இதில் ஒரு அதிசயம். முதல் 20 வருடம் வரை வித்தியாசமே தெரியவில்லை. 45 வயதுக்குள் கொதிப்பு வந்தவர்களிடம்தான் அது பளிச்சென்று தெரிந்தது.

ஓட வைத்தும் சோதனை

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லியும், டிரெட்மில்லில் ஓட வைத்தும் இதே போல் சோதிப்பது உண்டு. ஓடும்போது மேல் அழுத்தம் ஏறுவது இயற்கை. அளவு மீறி ஏறினால்தான் டாக்டர்கள் கவனிப்பார்கள்.

ஆனால் இது ஜோசியம் அல்ல. எகிறிய எல்லோருக்கும் நோய் வந்துவிடவில்லை. மற்ற ஆய்வுகளிலும் முடிவு ஒரே மாதிரி இல்லை. அந்த 910 பேரில் பெண்கள் கிடையாது.

ஆகவே வீட்டில் ஐஸ் வாளியில் கையை விட்டுப் பார்க்காதீர்கள்! இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து.

கையில் பட்டை கட்டி அளப்பதற்கு சில நிமிடம் போதும். பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் கூட ஆகாது. ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது, சத்தம் போடாது. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், "எனக்கு வயசு இருபதுதானே" என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்!