சுடுமண் பொம்மையின் உள்வெளி

புதுச்சேரியின் வில்லியனூர் வட்டாரத்துச் சுடுமண் கைவினைப் பொருள்கள், ஒரு பொருளின் சிறப்பை அது தோன்றிய ஊரோடு சட்டப்படி பிணைக்கும் புவிசார் குறியீட்டைப் பெற்றவை. இவ்வட்டாரக் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. கொலுவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பரிசாகத் தரப்படும் உள்ளங்கையளவுப் பிள்ளையாரின் வடிவழகு எவருக்கும் தெரிவதே; அதனுள் அடங்கிய நுட்பத்தைக் காண விரும்புவோர் பொம்மையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

மிகச் சிறியவை தவிர, பெரும்பாலான பொம்மைகளின் அடியில் ஒரு துளை இருக்கும், அல்லது அடிப்பக்கமே திறந்திருக்கும். நிழலில் உலர்த்திய பின்னும் களிமண்ணின் நுண்துளைகளில் ஈரம் தங்கியிருக்க, சூளையின் வெப்பத்தில் அந்நீர் ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரிய முயலுமாதலால், தடித்த மண்ணிலிருந்து அது விரைந்து வெளியேற இயலாதபோது, ஆவி போக வழியடைத்த குக்கரைப்போலப் பொம்மை வெடித்துவிடும். ஆகவே கைவினைஞர் பிள்ளையாரின் வயிற்றைச் சக்கரத்தில் உள்வெளியோடு வனைந்து, தும்பிக்கையையும் கைகளையும் களிக்குழம்பு தடவி ஒட்டுகிறார். அல்லது அச்சில் அழுத்திய இரு பாதிகளைப் பொருத்துகிறார். சுவரின் கனம் எங்கும் சீராக இருந்தால்தான் உலரும்போது சுருக்கமும் சீராகும். கழுத்து மெலிந்து தோள் தடித்தால் அந்த இணைப்பில் முதல் விரிசல் விழும். பருத்த தொந்தி உள்ளீடற்றிருப்பது கலையின் தேவையும் நெருப்பின் தேவையும் ஒன்றாய்ப் பொருந்திய இடமாகும்.

வெப்பம் ஏறத்தாழ 500 பாகை செல்சியஸைத் தாண்டுகையில் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் பிரிவதால், அது மீண்டும் நீரில் கரையாத சுடுமண் ஆகிறது. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து செந்நிறம் தருகிறது, காற்றை அடைத்துப் புகையூட்டினால் கருமை வருகிறது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த பானையோடுகளும் இத்தாலிய அரிட்டைன் கலத்துண்டுகளும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் அழியாததற்குக் களிமண் சுடுமண்ணாகும் இம்மாற்றமே காரணம்.

இத்தகைய பொருளின் மேல் பொன்வண்ணமும் எனாமலும் பூசி மண்ணின் நிறத்தை மறைப்பது வருந்தத்தக்க வழக்கம். அப்பூச்சு சூளை தந்த அழகை அழிப்பதோடு விரிசலையும் மறைக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்ப்பு மலிவாகக் கிடைக்கையில், நாட்கணக்கில் பிசைந்து வனைந்து உலர்த்திய உழைப்புக்கு அதே விலை பேசுவது நியாயமன்று. பரிசு வாங்குவோர் வண்ணம் பூசாத பொம்மையைக் கேட்டு வாங்கி, அடியிலுள்ள துளையின் காரணத்தையும் பெறுபவருக்குச் சொல்லிக் கொடுப்பார்களாக.